'மணிக்கு 100 எரிநட்சத்திரங்கள்': செய்தியில் வரும் எண்ணும் நம் மொட்டைமாடியில் தெரியும் எண்ணும்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்திலும் டிசம்பர் நடுவிலும் ஒரே மாதிரியான செய்தி வரும்: 'இன்றிரவு விண்கல் மழை. மணிக்கு 100 எரிநட்சத்திரங்களை வெறுங்கண்ணால் காணலாம்.' சாப்பாடு முடித்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறவர்கள் கழுத்து வலிக்க அரை மணி நேரம் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒன்றும் தெரியாமல் இறங்கி வந்து, செய்தியே பொய் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

செய்தி பொய்யில்லை. அந்த 100 முறையாக அளந்து எடுக்கப்பட்ட எண். ஆனால் அது சென்னை மாடிக்கோ மதுரை மாடிக்கோ உரிய எண் அல்ல. பைக் கம்பெனி சொல்லும் மைலேஜுக்கும் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஓட்டும்போது கிடைக்கும் மைலேஜுக்கும் உள்ள இடைவெளிதான் இங்கேயும். நல்லவேளையாக, வானத்து எண்ணை நம் ஊர் எண்ணாக மாற்றத் தெளிவான கணக்கு ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த முக்கோணவியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும்.

விழுவது எது?

எரிநட்சத்திரம் என்று நாம் சொன்னாலும் அது நட்சத்திரம் அல்ல. சூரியனைச் சுற்றும் வால்நட்சத்திரங்கள் வெப்பத்தில் ஆவியாகும்போது தம் பாதை நெடுகிலும் தூசியைச் சிந்திக்கொண்டே போகின்றன. அந்தத் தூசிப் பாதையைப் பூமி ஆண்டுக்கு ஒருமுறை, ஏறக்குறைய அதே தேதியில் கடக்கிறது. மணல் பருக்கை முதல் பட்டாணி வரையிலான துகள்கள் நொடிக்குப் பல பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்தில் நுழைந்து, தரையிலிருந்து 120 முதல் 80 கிலோமீட்டர் உயரத்துக்குள் ஆவியாகின்றன. அப்போது ஒளிர்வது துகளிலிருந்து பிரிந்த அணுக்களும் அதைச் சுற்றியுள்ள காற்றும்தான். தரைக்கு எதுவும் வந்து சேர்வதில்லை. 'விண்கல் மழை' என்ற சொல் கல் விழும் என்ற அச்சத்தை ஏற்படுத்துவதால், இந்தக் கட்டுரையில் எரிகல் பொழிவு என்றே சொல்கிறேன்.

ஆகஸ்டில் வரும் பெர்சீட்ஸ் பொழிவின் தாய், 1862இல் லூயிஸ் ஸ்விஃப்ட், ஹொரேஸ் டட்டில் இருவரும் தனித்தனியே கண்டறிந்த ஸ்விஃப்ட்-டட்டில் வால்நட்சத்திரம். அது சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 133 ஆண்டுகள் ஆகும். கடைசியாக வந்தது 1992இல். டிசம்பரில் வரும் ஜெமினிட்ஸ் சற்று வேறு கதை. அதன் தாய் வால்நட்சத்திரம் போலவே தோன்றாத, பாறை போன்ற ஃபேத்தான் என்ற சிறுகோள். 1983இல் ஐராஸ் செயற்கைக்கோளின் படங்களில் அகப்பட்ட இது, சூரியனுக்கு ஏறக்குறைய 2 கோடி கிலோமீட்டர் அருகே வரை போய்த் திரும்புகிறது. புதன் கோள்கூட அவ்வளவு நெருங்குவதில்லை.

எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிளம்புவது போலத் தோன்றுவது ஏன்?

நேரான ரயில் தண்டவாளத்தின் நடுவே நின்று பார்த்தால், இணையாக ஓடும் இரண்டு கம்பிகளும் தொலைவில் ஒரு புள்ளியில் சேர்வது போலத் தெரியும். பொழிவின் துகள்களும் வானில் இணையாகவே வருகின்றன. அவற்றின் ஒளிக்கோடுகளைப் பின்னோக்கி நீட்டினால் வானத்தில் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். அதைத் தோற்றப்புள்ளி என்போம். அந்தப் புள்ளி பெர்சியஸ் விண்மீன் கூட்டத்தில் இருந்தால் பெர்சீட்ஸ். மிதுனத்தில் (அதாவது ஜெமினியில்) இருந்தால் ஜெமினிட்ஸ். நம் கணக்கில் ஜெமினிட்ஸின் தோற்றப்புள்ளி புனர்பூசத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

தோற்றப்புள்ளியும் மற்ற விண்மீன்களைப் போலவே கிழக்கில் உதித்து மேற்கில் மறையும். அது உதிக்காத வரை அந்தப் பொழிவு நமக்குக் கிடையாது. அடிவானத்தை உரசிக்கொண்டு எப்போதாவது ஒன்று பறந்தால் உண்டு. செய்திகள் சொல்லாமல் விடும் முதல் விஷயம் இதுதான். ஆகஸ்ட் 12 அன்று சென்னையில் பெர்சீட்ஸின் தோற்றப்புள்ளி உதிப்பதே இரவு 10:20 மணிக்கு மேல்தான். ஒன்பது மணிக்கு மாடிக்குப் போய்ப் பத்து மணிக்கு இறங்கியவர்கள், பொழிவு தொடங்கும் முன்பே இறங்கிவிட்டார்கள்.

விடியற்காலை ஏன் சிறந்தது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. நள்ளிரவுக்குப் பிறகு நாம் நிற்கும் பக்கம் பூமி ஓடும் திசையை நோக்கித் திரும்புகிறது. மழையில் ஓடும் பேருந்தின் முன்கண்ணாடியில் துளிகள் அறைவதும் பின்கண்ணாடி ஓரளவு காய்ந்து கிடப்பதும் இதே காரணத்தால்தான்.

அந்த 100 எங்கிருந்து வருகிறது?

உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தத்தம் ஊரிலிருந்து எண்ணி அனுப்பும் கணக்குகளை, 1988இல் தொடங்கப்பட்ட சர்வதேச எரிகல் அமைப்பு தொகுக்கிறது. ஆளுக்கொரு வானம்: ஒருவர் பாலைவனத்தில், இன்னொருவர் நகர ஓரத்தில். தோற்றப்புள்ளி ஒருவருக்கு உச்சியில், இன்னொருவருக்கு அடிவானத்தில். இவற்றை அப்படியே கூட்டிச் சராசரி எடுத்தால் ஒரு பொருளும் இருக்காது. ஊட்டியின் காற்றழுத்தத்தையும் நாகப்பட்டினத்தின் காற்றழுத்தத்தையும் ஒப்பிட வேண்டுமானால், இரண்டையும் முதலில் கடல்மட்ட அளவுக்கு மாற்றியாக வேண்டும் அல்லவா? எரிகல் கணக்கிலும் எல்லாரும் ஒரே கற்பனை வானத்தின் கீழ் நின்றிருந்தால் எவ்வளவு பார்த்திருப்பார்கள் என்று மாற்றிக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர் உச்சிவான மணி வீதம், துறையில் இசட்.எச்.ஆர். என்பார்கள்.

அந்தக் கற்பனை வானத்துக்கு மூன்று நிபந்தனைகள்:

1. தோற்றப்புள்ளி நேர் உச்சியில் இருக்க வேண்டும்.
2. பொலிவெண் 6.5 வரையுள்ள மங்கலான விண்மீன்கூடத் தெரிய வேண்டும். (விண்மீனின் ஒளி அளவைச் சொல்வது பொலிவெண். எண் கூடக்கூட ஒளி குறையும். 5 படி இறங்கினால் ஒளி நூறில் ஒரு பங்கு.)
3. மேகமோ மரமோ கட்டடமோ பார்வையை மறைக்கக் கூடாது.

மூன்றும் ஒரே இரவில் ஒருவருக்கு அமைவது மிக அரிது. அதனால் செய்தியில் வரும் எண், உச்ச நேரத்தில் ஒருவர் பார்க்கக்கூடிய மேல்வரம்பு மட்டுமே. 'வரை' என்ற ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து 'மணிக்கு 100 வரை' என்று எழுதினால்கூடப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நம் வானத்துக்கு மாற்றும் கணக்கு

*1. உயரத்தால் குறைவது.* டார்ச் விளக்கைத் தரைக்கு நேராகப் பிடித்தால் சின்ன வட்டத்தில் வெளிச்சம் அடர்ந்து விழும். சாய்த்துப் பிடித்தால் அதே வெளிச்சம் நீண்டு பரவி மங்கும். துகள் ஓடையும் அப்படித்தான். தோற்றப்புள்ளி அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறதோ, அந்தக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். 12 டிகிரி என்றால் 0.2, 30 டிகிரிக்கு 0.5, 45 டிகிரிக்கு 0.7, 70 டிகிரிக்கு 0.94.

*2. வெளிச்சத்தால் குறைவது.* இழப்பின் பெரும்பகுதி இங்கேதான். ஒரு பொழிவில் பளிச்சென்ற எரிகற்கள் கொஞ்சம், மங்கலானவை ஏராளம். பொலிவெண் ஒரு படி இறங்க இறங்க எண்ணிக்கை எத்தனை மடங்கு பெருகுகிறது என்பதற்குப் பொழிவுக்குப் பொழிவு ஓர் எண் உண்டு. பெர்சீட்ஸுக்கு ஏறக்குறைய 2.2, ஜெமினிட்ஸுக்கு 2.6. திருப்பிப் பார்த்தால், தெருவிளக்கு வெளிச்சம் உங்கள் பார்வை எல்லையை (கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனின் பொலிவெண்ணை) ஒரு படி குறைக்கும் ஒவ்வொரு முறையும் பார்க்கக்கூடிய பெர்சீட்ஸ் 2.2இல் ஒரு பங்காகிவிடும், ஜெமினிட்ஸ் 2.6இல் ஒரு பங்காகிவிடும்.

உங்கள் வானத்தின் பார்வை எல்லையை அறிய கருவி தேவையில்லை, கார்த்திகை போதும். அந்தக் கொத்து ஆகஸ்ட் விடியற்காலையிலும் டிசம்பர் இரவிலும் நன்றாகத் தெரியும். கொத்தாகத் தெரியாமல் வெறும் மங்கல் புகையாகவோ இரண்டு மூன்று புள்ளியாகவோ தெரிந்தால் எல்லை 4க்குக் கீழே. நம் முன்னோர் சொன்ன அறுமீனும் தெளிவாகத் தெரிந்தால் 4.3ஐத் தொட்டுவிட்டீர்கள். எட்டு எண்ண முடிந்தால் 5.5. பழங்காலத்தில் ஆறு என்பது சாதாரணக் கண் எளிதாக எண்ணிய எண்ணிக்கை. இன்று நகரத்தில் வளரும் ஒரு பிள்ளைக்கு அந்த ஆறைக் காட்டுவதே பெரும்பாடாகிவிட்டது. எரிகல் எண்ணிக்கை குறைவதைவிட எனக்கு வலிப்பது இதுதான்.

*3. மறைப்பால் குறைவது.* பக்கத்து அடுக்குமாடியும் தண்ணீர்த் தொட்டியும் பார்வையில் பாதியை மறைத்தால், எண்ணிக்கையும் பாதி. இதற்குக் கணக்கே வேண்டாம்.

போட்டுப் பார்ப்போம்: பெர்சீட்ஸ்

இடம் சென்னை அட்சரேகை. தேதி ஆகஸ்ட் 13 விடியற்காலை 4:30. தோற்றப்புள்ளி வடக்கை ஒட்டிய வடகிழக்கில் 42 டிகிரி உயரத்தில் இருக்கும். செய்தி சொல்லும் எண் 100.

1. உயரத்துக்காக 0.67ஆல் பெருக்க, 67 ஆகிறது. ஊரின் வெளிச்சம் எப்படி இருந்தாலும் தமிழ்நாட்டில் இதைத் தாண்ட முடியாது.
2. நகர நடுவில் பார்வை எல்லை 3 என்றால் 6.5இலிருந்து இடைவெளி 3.5 படி. 67ஐ ஏறக்குறைய 16ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு 4.
3. புறநகரில் எல்லை 4. மணிக்கு 9 அல்லது 10.
4. சிற்றூர் வயல்வெளியில் எல்லை 5. மணிக்கு 20.
5. ஜவ்வாது மலை போன்ற இருண்ட இடத்தில் எல்லை 6. மணிக்கு 45.

அதே இரவு நள்ளிரவு 12 மணிக்குத் தோற்றப்புள்ளி 12 டிகிரியில்தான் இருக்கும். எனவே மேலே சொன்ன எண்களில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. நகர மாடியில் மணிக்கு ஒன்று, அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெர்சீட்ஸ் இவ்வளவு பேர்பெற்றதற்குக் காரணமும் இந்த முதல் வரியிலேயே இருக்கிறது. அதன் தோற்றப்புள்ளி வானத்தின் வடக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. லண்டன்காரருக்கு அது இரவு முழுக்க மறைவதே இல்லை. விடியலில் உச்சியை நெருங்கிவிடும். அவர்களுக்கு அது கோடை விடுமுறைக் காலமும்கூட. அங்கே எழுதப்படும் செய்தி அப்படியே நம் மொழிக்கு வரும்போது, கன்னியாகுமரியில் அந்தப் புள்ளி எப்போதுமே 40 டிகிரியைத் தாண்டாது என்பது அதில் இருப்பதில்லை.

ஜெமினிட்ஸ்: நமக்கு வாய்ப்பானது

இங்கே கதை மாறுகிறது. டிசம்பர் 14இல் தோற்றப்புள்ளி சென்னையில் இரவு 7:40 வாக்கிலேயே உதித்துவிடும். பத்து மணிக்கு 30 டிகிரி. அதிகாலை 2 மணியை ஒட்டி 70 டிகிரி, அதாவது ஏறக்குறைய தலைக்கு மேல். செய்தியில் வரும் எண் 150 என்று வைத்துக்கொண்டால், உயரத்தால் இழப்பது மிகக் குறைவு: 141 மிஞ்சும். எல்லை 6 உள்ள வானத்தில் மணிக்கு 85க்கு மேல். எல்லை 5இல் 34. எல்லை 4இல் 13. நகர நடுவில் 5. வேகமும் குறைவு. பெர்சீட்ஸ் நொடிக்கு 59 கிலோமீட்டர் என்றால் ஜெமினிட்ஸ் 35தான். பாய்ந்து மறைந்துவிடாமல் சற்று நிதானமாக நகரும் என்பதால் 'அதோ' என்று காட்டியதும் பக்கத்திலிருப்பவரும் திரும்பிப் பார்க்க நேரம் கிடைக்கும். பிள்ளைகளுக்கு முதன்முதலாகக் காட்ட இதைவிடப் பொருத்தமான பொழிவு இல்லை.

குறை ஒன்றுதான்: டிசம்பர் நடு என்பது வடகிழக்குப் பருவமழைக் காலம்.

மணிக்கு 4 என்றால் கால் மணிக்கு ஒன்றா?

இல்லை. துகள்கள் முறைவைத்து வருவதில்லை. ஒரே நிமிடத்தில் இரண்டு வரலாம், பிறகு இருபது நிமிடம் வெறிச்சென்று கிடக்கலாம். மணிக்கு 4 என்ற சராசரியில் அரை மணி நேரம் உட்கார்ந்தால், ஏழு தடவைக்கு ஒரு தடவை ஒன்றுமே பார்க்காமல் எழுந்திருக்க நேரும். பாதி வானம் மறைந்திருந்தால் மூன்று தடவைக்கு ஒரு தடவை. இது நிகழ்தகவுக் கணக்கு. உங்கள் கண்ணில் குறையில்லை.

கண்ணுக்கும் பங்கு உண்டு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்த கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். இடையில் ஒருமுறை செல்போன் திரையைப் பார்த்தாலே பழகியது பெரும்பாலும் போய்விடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாட்ஸ்அப் பார்ப்பவர் அன்றிரவு உண்மையில் வானத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்றே சொல்லலாம்.

இணையத்தில் வரும் படங்களும் எதிர்பார்ப்பைக் கெடுக்கின்றன. ஒரே வானத்தில் ஐம்பது ஒளிக்கோடுகள் பாய்வதாகத் தெரியும் படம், கேமராவை முக்காலியில் வைத்துப் பல மணி நேரம் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் எரிகல் விழுந்தவற்றை மட்டும் பொறுக்கி ஒன்றாக அடுக்கியது. எடுத்தவர்கள் பெரும்பாலும் அதை நேர்மையாகக் குறிப்பிடுகிறார்கள். பகிரும்போதுதான் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடுகிறது.

உண்மையாகவே வானம் கொட்டிய இரவுகளும் உண்டு. 1833 நவம்பரில் வட அமெரிக்காவில் லியோனிட்ஸ் பொழிந்தபோது மக்கள் உலகம் முடிந்தது என்று அஞ்சினார்கள். எல்லாக் கோடுகளும் சிம்மத்திலிருந்து புறப்படுவதை அன்று பலர் கவனித்தார்கள். அமெரிக்க அறிவியலாளர் டெனிசன் ஓல்ம்ஸ்டெட் அந்தச் செய்திகளைத் திரட்டி ஆராய்ந்ததிலிருந்துதான் எரிகல் ஆய்வு அறிவியலாக வளர்ந்தது. லியோனிட்ஸின் தாயான டெம்பெல்-டட்டில் வால்நட்சத்திரம் 33 ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. 1966இலும் 1999 முதல் 2002 வரையிலும் நடந்த பெரும்பொழிவுகள் அதன் புதிய தூசி இழைகளைப் பூமி கடந்ததால் நிகழ்ந்தவை. மற்ற ஆண்டுகளில் அதே லியோனிட்ஸின் மணி வீதம் 10, 15ஐத் தாண்டுவதில்லை. நவம்பரில் 'லியோனிட்ஸ் எரிகல் மழை' என்று தலைப்பு வந்தால், அது எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

போகும் முன் சரிபார்க்க வேண்டியவை

1. *நிலா.* முழுநிலவு இருந்தால் ஜவ்வாது மலையும் புறநகர் போலாகிவிடும். மேலே உள்ள கணக்கில் இரண்டு படியைக் கழித்துக்கொள்ளுங்கள்.
2. *தேதி.* 'ஆகஸ்ட் 12 இரவு' என்று செய்தி சொன்னால், நமக்கு வேண்டியது பெரும்பாலும் 13 விடியற்காலை. உச்ச நேரம் உலகப் பொது நேரத்தில் தரப்பட்டிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். ஜனவரி தொடக்கத்தில் வரும் குவாட்ரான்டிட்ஸின் உச்சம் சில மணி நேரமே நீடிக்கும்; அது நம் பகலில் விழுந்தால் அந்த ஆண்டு நமக்கில்லை.
3. *திசை.* தோற்றப்புள்ளியையே உற்றுப் பார்க்க வேண்டாம். அதன் அருகே கோடுகள் குட்டையாக இருக்கும். அதிலிருந்து 40, 50 டிகிரி தள்ளி, இருப்பதில் இருண்ட பக்கமாகப் பாய் விரித்துப் படுத்துவிடுங்கள். தொலைநோக்கியும் பைனாகுலரும் வேண்டாம். அவை பார்வைப் பரப்பைச் சுருக்கும்.
4. *இடம்.* விளக்கு ஒளியை விட்டு 50 கிலோமீட்டர் விலகினாலே வித்தியாசம் தெரியும். வானியலாளர் வைணு பாப்பு தன் வானாய்வகத்துக்கு ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தெடுத்தது அந்த இருட்டுக்காகத்தான்.

அடுத்து வரும் மூன்று வாய்ப்புகள்

2026 ஆகஸ்ட் 12 ஆடி அமாவாசை. அன்று ஐஸ்லாந்திலும் ஸ்பெயினிலும் முழுச் சூரிய கிரகணம். நமக்கு அது தெரியாது. ஆனால் 13 விடியற்காலை நிலா ஒளி துளியும் இல்லாத பெர்சீட்ஸ் கிடைக்கும். தென்மேற்குப் பருவ மேகம் வழிவிட வேண்டும், அவ்வளவுதான். அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று பிறைநிலா முன்னிரவிலேயே மறைந்துவிடும் என்பதால், ஜெமினிட்ஸுக்குச் சிறந்த நள்ளிரவு முதல் அதிகாலை வரை இருட்டு நம்முடையது.

மூன்றாவதைப் பற்றித் தமிழில் செய்தி வருவதே அரிது: மே 6ஐ ஒட்டி வரும் ஈட்டா அக்வாரிட்ஸ், ஹாலி வால்நட்சத்திரத்தின் தூசி. தோற்றப்புள்ளி கும்பத்தில், வான நடுக்கோட்டின் மேல் இருக்கிறது. லண்டனில் அது எழும்புவதற்குள் விடிந்துவிடும் என்பதால் அங்கிருந்து வரும் பட்டியல்களில் அதற்குக் கடைசி இடம். நமக்கோ விடியற்காலை 4:30க்கு 38 டிகிரி உயரம். மணி வீதம் 50. கணக்குப் போட்டால் இருண்ட வானத்தில் மணிக்கு 20. எண்ணிக்கையில் பெர்சீட்ஸுக்குப் பாதிதான். ஆனால் அது வருவது நம் கோடைக்காலம். பருவமழை மேகங்கள் இல்லாத மாதம். ஒரே இரவில் முடிந்துவிடாமல் சில நாள் முன்பின்னாகவும் நீடிக்கும். நொடிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் நீண்ட கோடாகப் பாய்ந்து, பல சமயம் ஒளித்தடத்தையும் விட்டுச் செல்லும். ஹாலி 2061இல்தான் திரும்ப வரும். அதன் தூசியைப் பார்க்க அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம்: 2027 மே 6 அமாவாசை.